ஒளிப்படத்தின் காலம்

நுழையும்முன்

நம் வீடுகளின் சுவர்களிலும் இரும்புப் பெட்டிகளிலும் பழைய ஒளிப்படங்கள் உள்ளன. அவற்றைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்கும் பழக்கம் இன்று பரவி வருகிறது. படத்தைக் கணினியில் ஏற்றுவது எளிது. அது எவருடைய படம், எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்பதைக் கண்டறிந்து, கண்டறிந்த அளவுக்கு மட்டும் பதிவு செய்வதே கடினம். அதற்கான நெறிமுறைகளைக் கரிசல் வட்டாரச் சான்றுகளின் துணையோடு விளக்குகிறது இப்பாடம்.

முகம் கிடைத்தவரும் கிடைக்காதவரும்

தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில் வரலாற்றுப் புகழ் பெற்ற இருவரின் ஊர்கள் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று, வீரபாண்டிய கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சி. மற்றொன்று, வ.உ.சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரம். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839ஆம் ஆண்டில். ஆகவே, கட்டபொம்மனின் ஒளிப்படம் எதுவும் இருக்க இயலாது. இன்று நாம் காணும் அவருடைய உருவங்கள் யாவும் ஓவியரும் சிற்பியரும் தம் கருத்தில் கண்டு அமைத்தவை.

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்து, 1936 நவம்பர் 18 அன்று மறைந்தார். அவருடைய வாழ்நாள் முழுவதும் ஒளிப்படக் காலத்துக்குள் அடங்குகிறது. அதனால் அவருடைய முகம் நமக்குக் கிடைத்திருக்கிறது. எனினும், முகம் கிடைத்தால் மட்டும் போதாது. அவர் 1908 மார்ச்சு 12 அன்று கைது செய்யப்பட்டார். 1912 டிசம்பரில் விடுதலையானார். அவர் குடும்பத்தாருடன் வீட்டில் அமர்ந்திருக்கும் படம் ஒன்றின் கீழே '1910' என்று எவரேனும் எழுதினால் அது தவறு என்று உடனே கூறிவிடலாம். அவர் வாழ்வின் காலநிரல் நமக்குத் தெரிந்திருப்பதனாலேயே அவ்வாறு கூற முடிகிறது.

தலைவர்களின் வாழ்க்கைக்கு நூல்கள் துணை நிற்கின்றன. பருத்திக் காட்டில் உழைத்த பாட்டிக்கும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த தாத்தாவுக்கும் அத்தகைய நூல் இல்லை. வாழ்நாளில் ஓரிரு முறையே ஒளிப்படம் எடுத்துக்கொண்டவர்கள் நம் முன்னோர்களுள் பலர். அந்த ஒரு படத்துக்குரிய பெயரும் காலமும் தொலைந்துவிட்டால், படம் இருந்தும் மனிதர் இல்லாதவர் ஆகிவிடுவார்.

வருடிய நாளும் எடுத்த நாளும்

தாளில் உள்ள படத்தைக் கணினிக் கோப்பாக மாற்றும் கருவி ஸ்கேனர் எனப்படும் வருடி. கோப்பாக மாற்றும் செயலை எண்மமாக்கல் என்பர். திறன்பேசியில் நாம் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர் முதலிய குறிப்புகள் தாமாகவே பதிவாகின்றன. தரவைப் பற்றிய இத்தரவுகளுக்கு 'மீத்தரவு' என்று பெயர். படத்தொகுப்புச் செயலிகள் மீத்தரவில் உள்ள நாளைப் பார்த்தே படங்களை வரிசைப்படுத்துகின்றன.

பழைய படத்தை வருடும்போது இம்முறை தடுமாறுகிறது. வருடிக்குத் தெரிந்தது வருடிய நாள் மட்டுமே. 1950களில் எடுத்த திருமணப் படத்தை இன்று வருடினால், செயலி அதை இன்றைய படங்களோடு சேர்த்துவிடும். தாத்தாவின் திருமணமும் பேரனின் பிறந்தநாள் விழாவும் ஒரே நாளின் கீழ் அடுத்தடுத்துத் தோன்றும். ஒளிப்பட மீத்தரவுக்கென வகுக்கப்பட்ட 'எக்சிஃப்' என்னும் செந்தரத்தில் 'எடுக்கப்பட்ட நாள்', 'எண்மமாக்கப்பட்ட நாள்' என இரண்டு தனித்தனி இடங்கள் உள்ளன. இரண்டாவது இடத்தைக் கருவி நிரப்பும். முதல் இடத்தை நிரப்ப வேண்டியவர் மனிதரே. அதற்குத் தேவை ஆராய்ச்சி.

வருடுவதற்கு முன்

பெட்டியில் உள்ள படங்களை எடுத்தவுடன் கலைத்துவிடுதல் கூடாது. எந்த உறையில், எந்த ஆல்பத்தில், எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் இருந்தது என்பதே ஒரு சான்று. ஒரே உறையில் கிடைத்த பன்னிரண்டு படங்களுள் ஒன்றன் காலம் தெரிந்தால், மற்றவற்றின் காலத்தை அறியவும் அது வழிகாட்டக்கூடும். எனவே, முதலில் உறைகளுக்கு எண் இடவேண்டும். பின்னர் உறைக்குள் உள்ள படங்களுக்கு வரிசை எண் தரவேண்டும். எண்களைப் படத்தின் மீது பேனாவால் எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். மை ஊறி மறுபுறம் தெரியும். மென்மையான பென்சிலால் பின்புறத்தின் ஓரத்தில் அழுத்தாமல் எழுதலாம். தனித்தாளில் எழுதி உடன் வைப்பது அதனினும் நன்று.

கரிசல் நிலத்தின் வெப்பமும் புழுதியும் கறையானும் படங்களுக்குப் பகை. தூசியை மென்தூரிகையால் நீக்கலாம். ஈரத்துணியால் துடைத்தல் ஆகாது. பசைப் பக்கங்கள் கொண்ட ஆல்பங்களில் ஒட்டிக்கொண்ட படங்களை வலிந்து பிரித்தால் கிழிந்துவிடும். அவற்றைப் பக்கத்தோடு சேர்த்தே வருடலாம்.

படத்தின் முன்புறத்தைப் போலவே பின்புறத்தையும் வருட வேண்டும். ஸ்டுடியோவின் முத்திரை, நெகடிவ் எண், கையெழுத்து, அன்பளிப்புக் குறிப்பு ஆகியன பெரும்பாலும் பின்புறத்தில்தான் இருக்கும். பின்புறத்தை வருடாது விடுவது, ஒரு நூலின் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஏட்டை எறிவதற்கு ஒப்பாகும்.

எவ்வளவு நுணுக்கமாக வருட வேண்டும்? ஓர் அங்குலத்துக்கு இத்தனை படப்புள்ளிகள் என்று அதனை அளப்பர். அஞ்சலட்டை அளவுள்ள படங்களுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதுமானவை. 4 அங்குல அகலமும் 6 அங்குல நீளமும் கொண்ட படத்தை அவ்வாறு வருடினால் 2400 × 3600, அதாவது 86,40,000 புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். எனவே, சுருக்கப்படாத ஒரு படத்துக்கு ஏறத்தாழ 26 மெகாபைட் இடம் தேவைப்படும். ஆயிரம் படங்களுக்கு 26 ஜிகாபைட். அளவில் சிறிய நெகடிவ்களை இதனினும் மிகுந்த நுணுக்கத்துடன் வருட வேண்டும். 'டிஃப்' வடிவில் மூலக்கோப்பை மாற்றமின்றிக் காத்து, பகிர்வதற்கும் பார்ப்பதற்கும் 'ஜேபெக்' வடிவில் சிறுபடி எடுத்துக்கொள்வது முறை.

முன்னெல்லையும் பின்னெல்லையும்

நாள் குறிக்கப்படாத இலக்கியங்களின் காலத்தை ஆராய்வோர், 'இந்நூல் இதற்கு முன் தோன்றியிராது. இதற்குப் பின்னும் தோன்றியிராது' என்று இரண்டு எல்லைகளை வகுத்துக்கொள்வர். ஒளிப்படங்களுக்கும் அம்முறை பொருந்தும். முந்தைய எல்லையை முன்னெல்லை என்றும் பிந்தைய எல்லையைப் பின்னெல்லை என்றும் இங்கே வழங்குவோம்.

படத்தில் காணும் ஒரு பொருள் உலகில் தோன்றிய ஆண்டு, அப்படத்துக்கு முன்னெல்லை ஆகும். பாஞ்சாலங்குறிச்சி நினைவுக் கோட்டையின் முன் நின்று எடுத்த படம் 1974க்கு முற்பட்டது ஆகாது; அக்கோட்டை எழுப்பப்பட்ட ஆண்டு அது. எட்டயபுரம் பாரதி மணிமண்டபம் 1947 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் திறப்புக்குப் பிந்தைய தோற்றத்தைக் காட்டும் படத்துக்கு அதுவே முன்னெல்லை. ஸ்டுடியோ முத்திரையில் 628 எனத் தொடங்கும் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருப்பின், படி எடுத்தது 1972 ஆகஸ்டு 15க்குப் பின்னர். அன்றுதான் அம்முறை நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கடைப்பலகையில் 'நயா பைசா' என்று விலை காணப்பட்டால், 1957 ஏப்ரலில் வந்த புதிய நாணய முறைக்குப் பிற்பட்டது. பலகையில் 'தமிழ்நாடு அரசு' என்று இருந்தால், சென்னை மாநிலம் பெயர் மாற்றம் பெற்ற 1969 ஜனவரிக்குப் பிற்பட்டது. வண்டியின் எண்பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்துத் தூத்துக்குடிக்குரிய 69 என்னும் எண் இருந்தால், இன்றைய பதிவுமுறை வந்த 1989க்குப் பிற்பட்டது.

சில சான்றுகள் இரண்டு எல்லைகளையும் ஒருங்கே தருகின்றன. 1986 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்த புதிய மாவட்டத்துக்கு வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டது. 1990களின் பிற்பகுதியில், மாவட்டங்கள் தலைநகரங்களின் பெயரால் வழங்கத் தொடங்கியபோது அது தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று. அவ்வாறே நெல்லை வட்டாரத்தில் ஓடிய அரசுப் பேருந்துகள் 1974 முதல் 1997 வரை கட்டபொம்மன் பெயரைத் தாங்கி நின்றன. பள்ளி ஆண்டுவிழாப் படத்தின் பலகையில் 'சிதம்பரனார் மாவட்டம்' என்று இருந்தால், ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளிக்குள் அப்படத்தை அடக்கிவிடலாம்.

இங்கே கருத்தில் கொள்ளவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. புதிய பொருள் தரும் முன்னெல்லை உறுதியானது. பழைய பொருள் தரும் பின்னெல்லை அத்துணை உறுதியானதன்று. இன்னும் வராத பொருள் படத்தில் இடம்பெற இயலாது. ஆனால், வழக்கொழிந்த பொருள் பல்லாண்டுகள் கழித்தும் படத்தில் இருக்கலாம். மாவட்டத்தின் பெயர் மாறிய நாள் வேறு. கடைக்காரர் தம் பெயர்ப்பலகையை மாற்றி எழுதிய நாள் வேறு. கருப்பு வெள்ளைப் படம் என்பதனாலேயே அது மிகப் பழையது என்று கொள்வதும் பிழை. வண்ணப்படம் வந்த பின்னரும், செலவு கருதிக் கருப்பு வெள்ளைப் படங்கள் நெடுங்காலம் எடுக்கப்பட்டன.

படமும் படியும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1940இல் எடுத்த நெகடிவிலிருந்து 1980இல் படி எடுத்திருக்கலாம். தாளும் முத்திரையும் படி எடுத்த காலத்தைக் காட்டும். உடையும் முகமும் சூழலும் படம் எடுத்த காலத்தைக் காட்டும்.

எழுத்தும் காலம் காட்டும்

தமிழ் மாணவர்க்கு மட்டுமே எளிதில் கைவரும் சான்று ஒன்று உண்டு. பழைய பெயர்ப்பலகைகளில் ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் யானையின் துதிக்கை போன்ற வளைவுடன் காணப்படும். ணா, றா, னா ஆகியவையும் இன்றைய வடிவினின்று வேறுபட்டிருக்கும். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தங்களைத் தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் ஏற்று ஆணை பிறப்பித்த பின்னரே இன்றைய வடிவங்கள் பாடநூல்களிலும் அரசு அலுவலகங்களிலும் நிலைபெற்றன.

அப்படியானால், புதிய 'லை' தோன்றும் படங்கள் யாவும் 1978க்குப் பிற்பட்டவையா? அவ்வாறு முடிவு கட்டவும் இயலாது. பெரியார் தம் 'குடி அரசு' இதழில் 1935 முதலே சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தினார். அவருடைய இயக்கத்தின் சுவரொட்டிகளிலும் வெளியீடுகளிலும் அவை இடம்பெற்றன. ஆகவே, புதிய எழுத்து ஓர் அரசுப் பள்ளியின் பலகையில் இருப்பதும் இயக்கச் சுவரொட்டியில் இருப்பதும் வெவ்வேறு பொருள் தருவன. ஒரு சான்று எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் வலிமையை மதிப்பிட வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பழைய படங்களின் பின்புறத்தில் ஆங்கில ஆண்டுக்குப் பதிலாகத் தமிழ் ஆண்டின் பெயர் இருப்பதுண்டு. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது. அவை மீண்டும் மீண்டும் சுழல்வன. 'விசுவாவசு' என்பது 1905–06, 1965–66, 2025–26 ஆகிய மூன்று ஆண்டுகளையும் குறிக்கும். பழைய திருநெல்வேலிப் பகுதியில் கொல்லம் ஆண்டும் வழங்கியது. இவ்வட்டாரத்தில் ஆவணியில் பிறக்கும் அது, அறுபதாண்டுச் சுழற்சியின்றித் தொடர்ந்து எண்ணப்படுவது. ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள நாள்களுக்குக் கொல்லம் ஆண்டுடன் 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள நாள்களுக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையாக ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மணமக்களும் உறவினரும் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருக்கும் கருப்பு வெள்ளைப் படம் அது. பின்புறத்தில் 'விசுவாவசு, ஆவணி' என்று மையால் எழுதப்பட்டுள்ளது. மேற்கூறிய மூன்று ஆண்டுகளுள் எது இதற்குப் பொருந்தும்?

சுவரில் குழல்விளக்கு ஒன்று காணப்படுகிறது. அவ்வகை விளக்கு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததே 1938இல்தான். எனவே, 1905 பொருந்தாது. தாளின் பழுப்பும் மையின் மங்கலும் 2025ஐ விலக்குகின்றன. எஞ்சுவது 1965. ஆவணி என்பதால் ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் அமையும். மணமக்களின் மூத்த மகன் 1967இல் பிறந்தவர் என்று பள்ளிச் சான்றிதழ் கூறினால், நம் முடிவு மேலும் வலுப்பெறும். 'கொல்லம் 1141' என்ற குறிப்பும் உடன் இருந்தால், 1141உடன் 824ஐக் கூட்ட 1965 கிடைக்கும். ஐயம் முற்றிலும் நீங்கும்.

இவ்வளவுக்குப் பின்னரும் ஒரு வினா எஞ்சும். அக்குறிப்பைத் திருமணத்தின்போதே எழுதினார்களா, பல்லாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதினார்களா? எழுதியவர் யார்? கையெழுத்தை அடையாளம் காணக்கூடியவர் வீட்டில் இருந்தால் இன்றே கேட்டுவிட வேண்டும்.

மூத்தோர் நினைவு

கரிசல் நிலத்துப் பெரியவர்கள் ஆண்டுகளை எண்களால் நினைவில் கொள்வதைவிட நிகழ்ச்சிகளால் நினைவில் கொள்வதே மிகுதி. "தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வருசம்", "காமராசர் இறந்ததுக்கு மறுவருசம்", "எம்.ஜி.ஆர். போன மாசம்" என்றெல்லாம் அவர்கள் கூறுவர். இவை தெளிவற்ற விடைகள் அல்ல. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பரில் வீசியது, காமராசர் 1975 அக்டோபர் 2 அன்று மறைந்தார், எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தார். நிகழ்ச்சியை ஆண்டாக மாற்றும் பணி நம்முடையது.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். "இது 1965தானே, ஆச்சி?" என்று கேட்டால், ஆச்சி "ஆமா" என்றே சொல்லக்கூடும். விடையை நாமே ஊட்டிவிட்டோம். "இதிலே யார் யாரெல்லாம் இருக்காங்க? அப்போ நீங்க எந்த வீட்டிலே இருந்தீங்க? உங்க மடியிலே இருக்கிற பிள்ளை யாரு?" என்று கேட்பதே நன்று. அந்தப் பிள்ளையின் வயதிலிருந்து படத்தின் காலத்தைக் கணக்கிடலாம். இருவரைத் தனித்தனியே கேட்டு, விடைகளை ஒப்பிடுவது மேலும் நன்று. அவர்கள் சொல்லும் சொற்களை மாற்றாமல் எழுதிக்கொள்ள வேண்டும். இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் கரிசல் மக்களின் சொற்களை அவர்கள் வழங்கியவாறே திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதி உருவாக்கினார். மக்களின் வாய்மொழியைத் திருத்தாது பதிவு செய்யும் அந்த நெறி, படங்களைப் பற்றிய நினைவுகளுக்கும் உரியது.

பாரதி படங்கள் தரும் பாடம்

ஓட்டப்பிடாரத்துக்கு அண்மையில் உள்ள எட்டயபுரத்தில் பிறந்தவர் பாரதியார். அவருடைய ஒளிப்படங்களாக நமக்குக் கிடைத்தவை மிகச் சிலவே. சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் நாம் காணும் பாரதி உருவங்களில் பெரும்பாலானவை அச்சில படங்களை அடியொற்றி ஓவியர்கள் வரைந்தவை. ரா.அ.பத்மநாபன் பாரதி தொடர்பான ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் அரிதின் முயன்று திரட்டி, 1957இல் 'சித்திர பாரதி' என்னும் நூலாக வெளியிட்டார். பாரதியோடு பழகியவர்கள் வாழ்ந்த காலத்திலேயே அம்முயற்சி மேற்கொள்ளப்பட்டது அதன் தனிச்சிறப்பு.

பாரதி படங்களின் காலத்தை அறிய அவர் வாழ்ந்த இடங்கள் துணைசெய்கின்றன. 1908இல் புதுச்சேரி சென்ற அவர், 1918 நவம்பரில் அங்கிருந்து வெளியேறினார். எனவே, அப்பத்தாண்டு வாழ்க்கையின்போது புதுச்சேரியில் எடுத்த படத்துக்கு 1908 முன்னெல்லை, 1918 பின்னெல்லை. பின்னர்க் கடையத்தில் வாழ்ந்தபோது, 1919இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்குச் சென்றார். அங்கே எடுத்த படங்களின் காலம் அப்பயணத்தால் தெளிவாகிறது. இடத்தைச் சரியாகப் பதிவு செய்தால் காலத்துக்கும் வழி பிறக்கும் என்பதை இவை உணர்த்துகின்றன. நம் குடும்பத்திலும் தந்தையார் எந்த ஆண்டு எந்த ஊரில் வேலை பார்த்தார் என்ற பட்டியல் ஒன்று இருந்தால், பெட்டியிலுள்ள படங்களுள் பலவற்றின் காலம் விளங்கிவிடும்.

ஐயத்தையும் பதிவு செய்க

ஆராய்ச்சியின் முடிவில் சில படங்களுக்கு முழு நாள் கிடைக்கும். சிலவற்றுக்கு ஆண்டு மட்டும் கிடைக்கும். பலவற்றுக்கு 'ஏறத்தாழ' என்பதே கிடைக்கும். ஆனால், செயலியோ நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கேட்கும். ஆண்டு மட்டும் தெரிந்த படத்துக்கு 'ஜனவரி 1' என்று இட்டு நிரப்புவோர் உளர். வரிசைப்படுத்துவதற்கு அது உதவும். ஆனால், பிற்காலத்தில் பார்ப்பவர் அத்திருமணம் ஆங்கிலப் புத்தாண்டு நாளில் நடந்ததாக எண்ணிவிடுவார். அவ்வாறு நிரப்பும்போது, குறிப்பு எழுதும் இடத்தில் 'ஆண்டு மட்டுமே உறுதி' என்று தவறாது எழுத வேண்டும்.

இதற்காகவே அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் முயற்சியில் விரிவாக்கப்பட்ட நாள் குறிப்பு முறை ஒன்று உருவானது. 2019இல் அது பன்னாட்டுத் தர அமைப்பின் செந்தரத்திலும் இடம்பெற்றது. '1965' என்றால் ஆண்டு உறுதி, '1965~' என்றால் ஏறத்தாழ 1965, '1965?' என்றால் 1965 என்பது ஐயத்துக்குரியது. '1962/1967' என்றால் அவ்விடைவெளி. ஒரு சிறு குறியால் அறிந்ததையும் அறியாததையும் பிரித்துக்காட்ட முடிகிறது.

ஒவ்வொரு படத்துக்கும் நான்கு செய்திகளை எழுதிவைத்தல் நலம்: படத்தில் இருப்போரின் பெயர்கள் இடமிருந்து வலமாக, இடம், காலம், அக்காலத்தை எவ்வாறு அறிந்தோம் என்பதற்கான சான்று. 'ஏறத்தாழ 1965, பின்புறக் குறிப்பும் ஆச்சியின் கூற்றும் சான்று' என்று எழுதப்பட்ட ஒரு வரி, சான்று கூறாத 'திருமண நாள் 29.8.1965' என்ற வரியைவிட மதிப்புடையது. முன்னதைப் பின்வருவோர் சரிபார்க்கலாம், திருத்தலாம். பின்னதை நம்புவதன்றி வேறு வழியில்லை.

பெயரிடலும் காத்தலும்

வருடி தரும் எண்களை அப்படியே கோப்புப் பெயராக விட்டுவிடுதல் பயன் தராது. '1965_ஓட்டப்பிடாரம்_திருமணம்_உறை03_007' என்று ஆண்டை முதலில் வைத்துப் பெயரிட்டால், எந்தக் கணினியிலும் கோப்புகள் கால வரிசையில் அமையும். அதே படத்தின் பின்புறத்துக்கு '007_பின்' என்று முடியும் பெயர் தரலாம். காலம் அறியாத படங்களைக் 'காலம் அறியாதவை' என்ற தனிக் கோப்புறையில் வைக்கலாம். அதில் படங்கள் மிகுதியாக இருப்பதனால் குறைவொன்றும் இல்லை.

கோப்புப் பெயரோடு நில்லாமல், செய்திகளைப் படத்தின் மீத்தரவிலும் எழுத வேண்டும். செயலி மாறினாலும் படத்தோடு அவை உடன்செல்லும். எனினும், செய்திப் பரிமாற்றச் செயலிகள் பல படத்தை அனுப்பும்போது அதன் அளவைக் குறைத்து, மீத்தரவையும் நீக்கிவிடுகின்றன. ஆகையால், அவ்வழியாகச் சென்று திரும்பிய படத்தை மூலம் என்று கொள்ளல் ஆகாது. அனைத்துச் செய்திகளையும் தாளில் எழுதிய பட்டியல் ஒன்றும் இருக்கட்டும். மூன்று படிகள், இருவகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றுள் ஒரு படி வேறோர் ஊரில் என்பது காப்பக நெறி. வருடி முடித்தபின் பழைய படங்களைத் தூக்கி எறிவதும் கூடாது. தாளின் தடிமனும் முத்திரையின் புடைப்பும் கோப்பில் முழுமையாகப் பதிவாவதில்லை.

செயலிகள் இன்று முகங்களை ஒப்பிட்டு ஒரே ஆளின் படங்களைத் திரட்டித் தருகின்றன. அக்காள் தங்கையரையும் தாய் மகளையும் ஒருவராகவே அவை கருதுவதுண்டு. அவை கூறுவதை ஊகமாக ஏற்று, அறிந்தவரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். கருப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றும் செயலிகளும் உள்ளன. பாட்டியின் கண்டாங்கிச் சேலைக்கு அச்செயலி தரும் நிறம் அதன் கற்பனை. அது சான்று ஆகாது. வண்ணம் ஏற்றிய படிக்கு 'வண்ணம் பின்னர் ஏற்றப்பட்டது' என்று குறிப்பு எழுதி, மூலத்தைத் தொடாது காக்க வேண்டும். பிறர் வீட்டுப் படங்களைப் பொதுவெளியில் பகிரும் முன்னர் அவ்வீட்டாரின் இசைவைப் பெறுவதும் நம் கடமை.

வீட்டுப் பெட்டியிலிருந்து வரலாற்றுக்கு

தனி வீடுகளில் கிடந்தவை பொதுச் செல்வம் ஆனதற்கு நம் மாநிலத்திலேயே சான்றுகள் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் திரட்டிய அச்சுநூல்களின் தொகுப்பே, 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக மலர்ந்தது. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணக் காப்புத் திட்டத்தின் உதவியுடன், தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மமாக்கியுள்ளது. ஊர்தோறும் இருந்த ஸ்டுடியோக்கள் மூடப்படும்போது நெகடிவ்களும் பதிவேடுகளும் உடன் அழிகின்றன. அப்பதிவேட்டில்தான் படத்தின் எண்ணும் எடுத்த நாளும் எடுத்துக்கொண்டவர் பெயரும் இருந்தன.

அரசர்களின் காலத்தைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. எளிய மக்களின் காலத்தைக் கூறக் கல்வெட்டு இல்லை. இரும்புப் பெட்டியில் ஓர் ஒளிப்படம் இருக்கிறது. அதில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். வருடியையும் செயலியையும் அடுத்த ஆண்டும் வாங்கலாம். பெயர் தெரிந்தவரிடம் கேட்பதை மட்டும் தள்ளிப்போட இயலாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள நாள் குறிக்கப்படாத ஒளிப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் முன்னெல்லை, பின்னெல்லை ஆகியவற்றைச் சான்றுடன் எழுதுக.

2. அப்படத்தைப் பற்றி வீட்டிலுள்ள மூத்தோர் இருவரைத் தனித்தனியே வினவி, அவர்கள் கூறியவற்றை அவர்களின் பேச்சுவழக்கிலேயே பதிவு செய்க. இருவர் கூற்றும் எங்கெங்கே வேறுபடுகின்றன எனக் காண்க.

3. 'புதிய பொருள் தரும் முன்னெல்லை உறுதியானது. பழைய பொருள் தரும் பின்னெல்லை அத்துணை உறுதியானதன்று' – இக்கருத்தை உங்கள் ஊர்ப் பெயர்ப்பலகைகளைச் சான்றாகக் கொண்டு விளக்குக.

4. கொல்லம் 1125, தை மாதம் என்று குறிக்கப்பட்ட படத்தின் ஆங்கில ஆண்டைக் கணக்கிடுக.